குறைத்துச் சொன்ன வயது
அத்தியாயம் 11

போன வாரம் சாப்பாட்டு மேசையில் சிவனேஸ்வரி போட்ட குண்டு இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

“எனக்கு அறுபத்துமூண்டில்லை, அறுபத்தெட்டு” என்றாள். மகள் விதுஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கணவர் பரமேஸ்வரன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத சங்கதியா? குறைத்தவரே அவர்தானே!

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சிவனேஸ்வரிக்கும் பரமேஸ்வரனுக்கும் நடந்தது மாற்றுச் சம்மந்தம். அவளுடைய தம்பி சண்முகராசா, பரமேஸ்வரனின் தங்கை அமராவதியை விரும்பினான். பெண் வீட்டார் ஒரே பேச்சில் முடித்தார்கள். எங்கள் பெண்ணை எடுப்பதென்றால் உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குத் தாருங்கள், இரண்டு பக்கமும் சீதனம் வேண்டாம். சிவனேஸ்வரிக்கு மாப்பிள்ளையைவிட இரண்டு வயது கூட. அவளுக்கு மனமில்லை. தம்பி அழுதான். அவள் தலையாட்டினாள். ஒரே பந்தலில் இரண்டு தாலி ஏறியது.

ஊரில் போர் தொடங்கியதும் பரமேஸ்வரன் லண்டனுக்கு ஓடி வந்தார். மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பம் எழுதியபோது, தன்னைவிட மூத்தவள் என்று சொல்ல வெட்கப்பட்டு ஐந்து வயதைக் குறைத்துவிட்டார். வெள்ளைக்காரனுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். அவர் வெட்கப்பட்டது பக்கத்து அறைகளில் படுத்திருந்த ஊர்க்காரருக்கு.

சண்முகராசாவோ சரியான வயதோடு முன்பே வந்து இறங்கியிருந்தான். அக்காவின் வயது குறைந்ததும் தம்பி மூத்தவனாகிவிட்டான்! “ஆக்களுக்கு முன்னால அவனை அண்ணை எண்டு கூப்பிடும்” என்றார் பரமேஸ்வரன். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு வாய் பழகிவிட்டது. கோயிலில், கலியாண வீடுகளில், பிள்ளைகளுக்கு முன்னால், எல்லா இடத்திலும் சண்முகராசா அண்ணைதான். விதுஷாவே போன வாரம்வரை அவரை அம்மாவின் தமையன் என்றுதான் நம்பியிருந்தாள்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பெண்களுக்கு அறுபதில் பென்ஷன். ஐந்து வயது குறைந்தால் ஐந்து வருஷம் கூட வேலை செய்வாய், அதற்கென்ன என்று பரமேஸ்வரன் சமாதானம் சொன்னார். அப்புறம் அரசாங்கம் பெண்களின் வயதை ஏற்றத் தொடங்கியது. அறுபது அறுபத்தைந்தானது, அறுபத்தாறானது, இப்போது அறுபத்தேழுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புருஷன் குறைத்துக்கொண்டு போக, அரசாங்கம் ஏற்றிக்கொண்டு போக, நடுவில் அகப்பட்டவள் சிவனேஸ்வரி.

உண்மை வயதின்படி அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஓய்ந்திருக்க வேண்டும். கடதாசி வயதின்படி இன்னும் நாலு வருஷம் ஓட வேண்டும். அவளைவிட இளைய புருஷன் மாசி மாதத்திலிருந்து பென்ஷன் எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோ வீட்டில் டிவிக்கு முன்னால் இருக்கிறார்.

சிவனேஸ்வரிக்கு எயார்போட்டில் வேலை. ஆட்கள் இறங்கிய விமானத்துக்குள் ஓடிப்போய், அடுத்த ஆட்கள் ஏறுவதற்குள் குப்பை பொறுக்கி, மேலே இருக்கும் பெட்டித் தட்டுகளைத் துடைத்துச் சாத்த வேண்டும். இப்போது வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. கொம்பனி அனுப்பிய டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அறுபத்துமூன்று வயதுக்கு இந்த மூட்டு அதிகம் தேய்ந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாராம். எலும்புக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. வருகிற மாதம் அவளால் வேலை செய்ய ஏலுமா என்று சோதிக்கப் போகிறார்கள். ஏலாது என்றால் வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை.

ஆகவேதான் கடதாசி வயதைத் திருத்த, இன்று வெம்பிளியில் ஒரு சொலிசிற்றரை, அதாவது வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள்.

காலையில் பரமேஸ்வரன் தேத்தண்ணி போட்டார். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட வேண்டிய செய்தி இது.

“இஞ்சை, குடியும். சீனி காணுமோ பாரும்.”

“காணும்” என்றாள் சிவனேஸ்வரி. உண்மையில் போதவில்லை. ஆனாலும் குடித்தாள்.

“நான் உம்மைத் தடுக்கேல்லை. போய்க் கதைச்சுப் பாரும். சண்முகம் வருவான்தானே?”

“வாறன் எண்டவன்.”

“பிறகென்ன? கூடப்பிறந்தவன் சொன்னால் அதுக்கு மேல ஆர் கேக்கிறது.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.

“உங்களுக்குக் கோவமில்லையோ?”

“கோவமென்ன! அப்ப எனக்குப் புத்தியில்லை. ஊராக்கள் சிரிப்பினம் எண்டு பயந்தனான். உம்மட தோளைப் பார்க்க எனக்கும் மனம் கஷ்டமாய்த்தானே இருக்கு.”

சிவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வார்த்தைக்காக ஒருத்தி நாற்பது வருஷம் காத்திருப்பாளா என்றால், காத்திருப்பாள். நம் வீடுகளில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

நோகிற கை நுழைய வசதியாக அவர் கோட்டைப் பிடித்துக் கொடுத்தார். பென்ஷன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. பாவி மனசு, இவ்வளவு மலிவாகவா விலைபோகும்!

விதுஷா லீவு போட்டிருந்தாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. கவுன்சிலில் உத்தியோகம், பெற்றோரோடுதான் இருக்கிறாள். எதையும் நியாயம் பிரித்துப் பேசுகிற பிள்ளை. அம்மாவின் வயதைத் திருத்தத்தான் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பென்ஷன் வயதை ஏற்றியதைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து. கார் ஹாங்கர் லேன் நெரிசலில் நின்றபோது அது வெளியே வந்தது.

“அம்மா, கோவிக்காதேங்கோ. அப்பா செய்தது பிழை. ஆனா கவர்ன்மென்ற் செய்தது பிழை எண்டு என்னால சொல்லேலாது. ஆம்பிளைக்கு அறுபத்தஞ்சு, பொம்பிளைக்கு அறுபது எண்டு இருந்தது நியாயமோ?”

“ஏன் நியாயமில்லை?”

“ஈக்குவல் எண்டால் எல்லாத்திலயும் ஈக்குவலா இருக்கவேணும். எங்களுக்குச் சம்பளம் சமனா வேணும், புரமோஷன் சமனா வேணும், பென்ஷன் மட்டும் முந்தி வேணுமெண்டு கேக்கேலாதுதானே? பொம்பிளையள் கூடக் காலம் வேற சீவிக்கினம்.”

“சீவிக்கினமோ! கூடக் காலம் வேலை செய்யினம் எண்டு சொல்லு.”

“எனக்கும் அறுபத்தெட்டோ எழுபதோ, எது வருமெண்டு தெரியாது. நான் அழுறனே?”

சிவனேஸ்வரி நோகிற தோளைத் தடவிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“நான் விடிய எழும்பி உன்ர அப்பாவுக்குச் சோறும் ரெண்டு கறியும் வைச்சிட்டுத்தான் வந்தனான். அவருக்குப் பென்ஷன் வந்திட்டுது. எனக்கு அடுப்பில இருந்து பென்ஷன் எந்த வயசில? பார்லிமென்ரில அதையும் சமனாக்கினவையோ?”

“அது வேற பிரச்சினை அம்மா.”

“உனக்கு வேற. எனக்கு ரெண்டும் ஒரே உடம்பிலதான் நடக்குது.”

அம்மாவின் குரல் உடைந்ததைக் கேட்டு, விதுஷா ஹீற்றரை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

“என்னோட வேலை செய்யிற ஜெஸ்ரின் அழுதவ” என்றாள் சிவனேஸ்வரி. “அறுபதில வேலையை விட்டு நிக்கலாம் எண்டு சொல்லித்தான் அவவை வேலைக்கு எடுத்தவை. அறுபது கிட்ட வரேக்கதான் தெரியுமாம், இல்லை எண்டு. ஏத்துறதெண்டால் ஏத்தட்டும். நடந்து வந்தவளுக்கு வாசலை அடைஞ்சாப் பிறகு அடுத்த தெரு எண்டு சொல்லக்கூடாது.”

வெம்பிளி ஈலிங் றோட்டில் நகைக்கடைக்கு முன்னால் சண்முகராசா நின்றார். கிங்ஸ்பரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் போட்டு, கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போகிற தோரணை.

“அண்ணை, வந்து கனநேரமோ?” என்று கேட்டுவிட்டு, சிவனேஸ்வரி தானே சிரித்தாள். “பார் என்ர வாயை. இண்டையோட இது முடிஞ்சுது.”

அவர் சிரிக்கவில்லை. குளிர் என்று ஏதோ சொல்லிவிட்டு, கடைக்கு மேலே இருந்த அலுவலகத்துக்குப் படியேறினார்.

சொலிசிற்றர் பிறேமினி சின்னப் பெண். வளவளவென்று பேசாமல் விஷயத்துக்கு வந்தாள்.

“அன்ரி, உங்கட பிறந்த பதிவு சண்டையில எரிஞ்சு போச்சு. அதுக்கு ஊர்ப் பதிவுக் கந்தோரிலயிருந்து பதில் வந்திருக்கு. வயசைக் குறைச்சது அங்கிள் பரமேஸ்வரன், அதால அவற்ற பேச்சு பெரிசா எடுபடாது. கூடப்பிறந்தவர் சத்தியம் பண்ணிச் சொன்னால், நான் தொடங்கலாம். வெல்லும் எண்டு சொல்லேல்லை. தொடங்கலாம் எண்டுதான் சொல்லுறன்.”

“அது காணும் பிள்ளை” என்றாள் சிவனேஸ்வரி.

பிறேமினி சண்முகராசா பக்கம் திரும்பினாள். “அங்கிள், நீங்கள் பயப்பிட ஒண்டுமில்லை. அந்த நேரம் நீங்கள் ஒரு இடத்திலயும் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை. எல்லாம் பார்த்திட்டன். ஒரே ஒரு கேள்விதான். இவ உங்களுக்கு மூத்தவவோ இளையவவோ?”

சண்முகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“இளையவ. என்ர தங்கச்சி.”

சிவனேஸ்வரி சிரித்துவிட்டாள். பாவம், அவனுக்கும் தன்னைப்போல் வாய் பழகிவிட்டது என்றே நினைத்தாள்.

“இஞ்சை அப்பிடிச் சொல்லத் தேவையில்லை தம்பி. இஞ்சை உள்ளதைச் சொல்லலாம். ஊராக்கள் ஒருத்தருமில்லை.”

“எனக்குத் தெரிஞ்ச மட்டில தங்கச்சிதான்.”

அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. கடைசியாகப் புரிந்தது சிவனேஸ்வரிக்கு.

“என்ன கதைக்கிறாய்?” என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. “பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டன் எண்டு வாசல் படலையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழேக்க, ஆரடா உன்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது? தங்கச்சியோ? எனக்கு முதல் நீ பிறந்தனியெண்டால், உனக்குப் பேர் வைச்ச அண்டைக்குப் பாயாசம் குடிச்சது எனக்கு எப்பிடி ஞாபகமிருக்கு?”

“கனகாலமாச்சு. எனக்கு ஒண்டும் வடிவா ஞாபகமில்லை.”

“மாமா!” என்றாள் விதுஷா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிறேமினி பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பிள்ளைக்கும் முகம் வாடிவிட்டது.

“அப்பிடியெண்டால் என்னால ஒண்டும் செய்யேலாது அன்ரி. குறை நினைக்காதேங்கோ.”

சிவனேஸ்வரி எழுந்தாள். படியில் இறங்கும்போது விதுஷா கையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பென்ஷன் போனது பெரிதாகத் தெரியவில்லை. தனக்குப் பின்னால் பிறந்தவன் தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டான். அப்பா இல்லை, அம்மா இல்லை, ஊர் வீடு இல்லை. அவள் எப்போது பிறந்தாள் என்று சொல்ல இந்தப் பூமியில் இருந்தது அவன் ஒருவன்தான்.

காருக்குக் கிட்டப் போன பிறகுதான் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது.

“அக்கா!”

சிவனேஸ்வரி நின்றுவிட்டாள். தெருவில் காய்கறிக்கடைச் சனம், பஸ்ஸுக்கு நிற்கிற சனம். அத்தனை பேருக்கும் முன்னால் சண்முகராசா மூச்சு வாங்க நின்று, திரும்பவும் “அக்கா” என்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது.

“உள்ளுக்கை ஒருக்காச் சொல்லியிருக்கலாம்” என்றாள். “றோட்டில சொல்லுறாய்.”

“நான் சொல்லத்தான் வந்தனான். ஆணைக்கும் அக்கா. நீங்கள் வெளிக்கிட்ட கையோட அத்தான் போன் எடுத்தவர்.”

“ஆர்?”

“பரம் அத்தான்தான்.”

விதுஷா கார்க் கதவைத் திறந்தபடியே நின்றாள்.

“நான் சத்தியம் பண்ணினால், உன்னைக் கொண்டுவந்து என்ர வாசல்ல விட்டிட்டுத் தன்ர தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவாராம். மாத்துக் கலியாணத்தைத் திருப்பி மாத்தி விடுறன் எண்டார். தன்னைப் பொய்யன் எண்டு எழுதி வைச்சால், ரெண்டு வீட்டுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம்.”

“அமராவதி என்ன சொன்னவ?”

“அவ பெட்டியை எடுத்து வெளியில வைச்சிட்டா. தன்ர தமையனைக் காட்டிக் குடுக்கிறவனோட இருக்கமாட்டன் எண்டு.” அவர் விம்மினார். “இந்த வயசில அவ இல்லாமல் எனக்கு ஏலாதக்கா. நான் என்ன செய்ய?”

சிவனேஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நரைத்த தலையும் கழுத்துப்பட்டியும் மறைந்துபோய், கிணற்றடியில் நின்று அழுத பொடியன்தான் தெரிந்தான்.

“அண்டைக்கும் இதைத்தான் சொன்னனி. அமராவதி இல்லாமல் ஏலாதக்கா எண்டு அழுதனி. நான் தலையைக் குடுத்தனான். இப்ப வயசையும் எடுத்திட்டாய். இனி என்னட்ட உனக்குத் தர ஒண்டுமில்லை தம்பி. வீட்டை போ. அவ பெட்டியை உள்ளுக்கை எடுத்து வைச்சிருப்பா.”

அவர் கையைப் பிடிக்க வந்தார். அவள் காருக்குள் ஏறிவிட்டாள்.

கார் கொஞ்ச தூரம் போனது. மழை தூறத் தொடங்கியது. வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.

“காலமை எனக்குக் கோட் பிடிச்சுத் தந்தவர், விதுஷா” என்றாள் சிவனேஸ்வரி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வயிற்றிலிருந்து எழும்பி வருகிற அழுகை. விதுஷா ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள்.

“நான் வரேக்க சமன் எண்டெல்லாம் கதைச்சது…”

“நீ சொன்னது பிழையில்லை பிள்ளை. சமன் நல்லதுதான். ஆனா அந்தச் சமன் எண்ட எல்லைக்கு என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. எல்லையை மட்டும் எனக்கும் சேர்த்துத் தள்ளி வைச்சிட்டினம்.”

“அப்பாட்டை நான் கேக்கிறன். இண்டைக்கே கேக்கிறன்.”

“என்னத்தைக் கேப்பாய்? அவர் வடிவாக் கதைப்பார். நான் திரும்பவும் நம்பிடுவன். அதுதான் எனக்குப் பயம்.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எயார்போட்டுக்கு விடு. பின்னேர ஷிப்ட் இருக்கு.”

“இண்டைக்கோ! சிக் எண்டு சொல்லுங்கோ அம்மா. இந்தக் கையோட…”

“வாற மாசம் சோதிக்கப் போகினம். இப்ப சிக் அடிச்சால் அதையே சொல்லி நிப்பாட்டுவினம். இன்னும் நாலு வருசம் கிடக்கு.”

விதுஷா காரை எடுத்தாள். ஏ4 சாலையில் ஏறியபோது தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. ஊழியர் வாசலில் சிவனேஸ்வரி இறங்கினாள். நோகாத கையால் பையைத் தோளில் மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டாள்.

“முடிய நான் வந்து ஏத்துறன்” என்றாள் விதுஷா.

“வா. ஆனா ஹவுன்ஸ்லோ வீட்டை கொண்டுபோகாதை.”

“மாமா வீட்டையும் போகேலாது. அப்ப எங்கையம்மா போறது?”

சிவனேஸ்வரி வாசலைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில் இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

“தெரியேல்லை பிள்ளை” என்றாள். “ஷிப்ட் முடியிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுறன்.”